திரையின் வலது மூலை

மணிக்கட்டில் முடியளவு விரிசல் என்றார் மருத்துவர்.
முடி என்றதும் சிரித்துவிட்டேன்.
ஆறு வாரம் கட்டு என்றபோது
சிரிப்பு நின்றது.

நான் கிங்காலி பிடிப்பவள்.
வட்ட மாவின் நடுவில் இறைச்சி வைத்து
ஓரத்தைச் சுற்றிப் பத்தொன்பது கொசுவம் கொய்து
உச்சியில் ஒரு திருகு.
இரண்டு கை வேண்டும் இதற்கு.
ஒரு கைக்காரிக்குக் கல்லாவில் இடம் உண்டு,
பாதிக் கூலிக்கு.

அது மார்ச் மாதம், செவ்வாய்க்கிழமை.
திபிலீசியில் எங்கள் நிலையம் பாதாளம்.
எஸ்கலேட்டரில் காலை வைத்து
ஒரு முழு ஆப்பிளைத் தின்று முடித்து
விதையைத் துப்ப இடம் தேடினாலும்
தரை வந்திருக்காது.
வலது கையில் பச்சைப் பை, ஆறு கிலோ மாவு.
இடது கையில் போன்.
கைப்பிடியில் எந்தக் கையும் இல்லை.
(இதை மட்டும் மனுவில் நான் எழுதவில்லை.)

படி நின்றது.
நான் நிற்கவில்லை.

ஏழு படி.
மாவு என்னை முந்திக்கொண்டு போனது.
முன்னால் நின்ற கறுப்புக் கோட்டுகள் எல்லாம்
ஒரு நொடியில் நரைத்தன.
யாரோ தும்மினார்கள்.
யாரோ என் செருப்பைக் கொண்டுவந்து
என் மடியில் வைத்தார்கள்,
பூனைக்குட்டியை வைப்பதுபோல.

அடியில், கண்ணாடிக் கூண்டில், ஒருத்தி இருக்கிறாள்.
வலப்பக்கம் நில்லுங்கள்
ஓடாதீர்கள்
படியில் உட்காராதீர்கள்
என்று நாளெல்லாம் சொல்லும் அந்தக் குரலுக்கு
முகம் உண்டென்று நான் யோசித்ததில்லை.
சிவப்புப் பொத்தானை அமுக்கியவள் அவள்தான்
என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.
மூன்று வாரம்
அவளுக்கான வசவுகளைத்
தூங்குமுன் ஒத்திகை பார்த்தேன்.

கதவைத் தட்டினேன்.
சட்டையில் லமாரா என்று எழுதியிருந்தது.
என் வயதுதான் இருக்கும். உதட்டோரம் ரொட்டித் துகள்.
கட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்,
ஒன்றும் கேட்காமல் மேசை இழுப்பறையைத் திறந்தாள்.

மஞ்சள் ரப்பர் செருப்பு, குழந்தையுடையது.
முன்பாதி இல்லை.
படிகள் தரைக்குள் நுழையும் இடத்தில்
இரும்புச் சீப்பு ஒன்று இருக்கிறதே,
அது மென்று துப்பிய மிச்சம்.

"விரல்?"

"பத்தும் இருந்தன. எண்ணினேன்.
அவன் அம்மாவால் எண்ண முடியவில்லை,
கத்திக்கொண்டிருந்தாள்."

செருப்புக்குப் பக்கத்தில்
என் கட்டுப்போட்ட கையை வைத்தேன்.
ஏனென்று தெரியவில்லை. கனத்தது, வைத்தேன்.

"அப்படியென்றால் என்னை நீ பார்த்திருக்க மாட்டாய்"
என்றேன்.
அவள் வெளியே போக
நானே திறந்துவைத்த கதவு அது.

"பார்த்தேன்" என்றாள்.
"திரையின் வலது மூலையில்.
பச்சைப் பை. கைப்பிடியில் கை இல்லை.
பார்த்துக்கொண்டேதான் அழுத்தினேன்."

வெளியே ரயில் ஒன்று வந்து
ஆட்களைக் கொட்டிவிட்டுப் போனது.
அவள் ஒலிபெருக்கியை எடுத்து
வலப்பக்கம் நில்லுங்கள் என்றாள்,
என்னிடம் பேசிய அதே குரலில்.

ஒத்திகை பார்த்த வசவு ஒன்றும் வாயில் வரவில்லை.
பரவாயில்லை என்பதும் வரவில்லை.
பரவாயில்லை என்று எப்படிச் சொல்வது,
பாதிக் கூலி பாதிக் கூலிதானே.
மனுவைத் திரும்ப வாங்க மாட்டேன் என்றேன்.
வாங்காதே என்றாள்.
பிறகு, மாவு போக
அன்று இரவு இரண்டு மணிவரை
படி படியாகத் துடைத்தேன் என்றாள்,
குறையாக இல்லை, தகவலாக.

மேலே ஏறினேன்.
கைப்பிடி ரப்பர்
படியைவிடச் சற்று வேகமாக ஓடுகிறது,
இத்தனை வருடம் தெரியவில்லை எனக்கு.
கை முன்னே போய்விடுகிறது,
உடம்பு பின்தங்குகிறது.
எடுத்து எடுத்துத் திரும்ப வைக்கவேண்டியிருக்கிறது.

பாதி உயரத்தில் நினைவு வந்தது:
அந்தத் திரை
மேலேறும் படியையும் காட்டுமா, கேட்கவில்லை.
காட்டினால்
இந்நேரம் நான் ஏதோ ஒரு மூலையில் இருப்பேன்.

பிடித்திருக்கிறேன்,
பார்.